இதுவரை தரைமட்டம்

மாசி மாதத்தில் மழை பெய்யக் கூடாது. சம்பா அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்தும் பயறும் பூத்து நிற்கும் காலம் அது. அப்போது பெய்கிற மழைக்குக் குடியானவன் வீட்டில் நல்ல பெயர் கிடையாது. ஆனாலும் அன்று மாலை, எவரையும் கேட்காமல், நாணற்குடியின்மேல் ஒரு மழை வந்து இறங்கிற்று.

திருத்துறைப்பூண்டிச் சாலையிலிருந்து பிரிந்த மண்பாதையில், குடையும் கையுமாக வந்துகொண்டிருந்தாள் அம்சவல்லி. நடுநிலைப்பள்ளியின் தமிழாசிரியை. நாணற்குடி வாய்க்காங்கரைத் தெருவில் பிறந்து, படித்து, வாத்தியார் வேலைக்குப் போன முதல் பெண். வாய்க்கால் மதகின்மேல் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே அவளுடைய வீடு. வீடு என்றா சொல்வது? போன ஐப்பசிக் கடைசியில் அடித்த புயல், பழைய கூரை வீட்டை வாரிக்கொண்டு போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது இடுப்பளவு எழும்பி நின்றவை நான்கு செங்கற்சுவர்கள். அவற்றின் முன்னால் ஓர் இளைஞன் குடை பிடித்துக்கொண்டு நின்றான். குடை அவன் தலைக்கு மேல் இல்லை. மூன்று காலில் நின்ற ஏதோவொரு கருவியின் தலைக்கு மேல் இருந்தது! அவனோ தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தான்.

'இப்படியும் ஒரு பைத்தியம் உண்டா...' என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு, சுவரைப் பார்த்ததும் உதட்டிலேயே உறைந்தது.

செங்கல்லின்மேல் சிவப்புச் சாயத்தில் ஓர் அம்புக்குறி. அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'இதுவரை தரை மட்டம்.'

தெருவே கூடி நின்றது. கூட்டத்தின் நடுவில் அவளுடைய தாய் காளியம்மாள், ஆளுயர அளவுகோல் ஒன்றைக் கைப்பற்றி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா அம்சு! இதுவரைக்கும் தரைமட்டமாம்! புயலு மிச்சம் வச்சத கவர்மெண்டு இடிக்க வந்திருக்கு!"

"அம்மா, அந்தக் கோல மொதல்ல குடுத்துடுங்க. அது கவர்மெண்டு சாமான்" என்று கெஞ்சினான் அந்த இளைஞன்.

"என் சொவரு மட்டும் யாரு சாமானாம்?"

அம்சவல்லி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தாங்க. இராஜாங்கம். புதுசா வந்திருக்கிற ஓவர்சீயர். பட்டுக்கோட்டைப் பக்கம்..."

"தமிழ் படிச்சிருக்கீங்களா?"

"பதினொண்ணாவது வரைக்கும் படிச்சேங்க."

"தமிழ்நாட்டுலதானா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். இமை மயிர்களில் மழைத்துளிகள் தொங்கின. அவற்றுக்குப் பின்னால், கோபிக்கலாமா சிரிக்கலாமா என்று தெரியாமல் விழித்த இரண்டு கண்கள்... பொய் சொல்லிப் பழகாத கண்கள் என்று அவளுக்கு ஏனோ தோன்றியது. உடனே தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

"டீச்சர், நான் இடிக்கச் சொல்லல. வீட்டுத் தரை இந்த மட்டத்துக்கு வரணும்னு சொல்றேன். போன புயல்ல தண்ணி நின்ன கறை அந்த மதகுச் சுவத்துல இருக்கு. அந்த உயரத்த இந்தக் கருவியில பாத்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டாறேன். தரை இந்தக் குறிக்கு மேல இருந்தாத்தான் அரசாங்கம் கான்கிரீட் கூரை போட்டுத் தரும். அதுக்குத்தான் 'இதுவரை தரை மட்டம்'னு..."

"தரைமட்டம்னா என்னன்னு இந்தத் தெரு ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும் சார். இடிச்சுத் தள்ளுறதுக்குப் பேரு தரைமட்டம். நீங்க சொல்றது வெள்ளமட்டக்குறி. அழிச்சுட்டு அத எழுதுங்க."

அவன் மறுபேச்சுப் பேசாமல் துண்டால் சுவரைத் துடைத்தான். தூரிகையைச் சாயத்தில் தோய்த்து எழுதினான்: 'வெள்ளமட்ட குறி.'

"க் எங்க?"

"எந்த க்குங்க?"

"மட்டத்துக்கும் குறிக்கும் நடுவுல இருந்த க். முழுங்கிட்டீங்களே!"

"அது... இல்லாட்டியும் அர்த்தம் புரியுதுல்ல?"

"சிமெண்டு இல்லாம செங்கல்ல அடுக்கினாலும்தான் சுவரு மாதிரி தெரியும். நிக்குமா?"

அவன் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மேலே ஓர் இடுக்கில், ஒரு குட்டிக் 'க்'கைக் கொண்டுபோய் நுழைத்தான். அப்போதுதான் அம்சவல்லி ஒன்றைக் கவனித்தாள். அவன் தலைக்கு மேல் மழை விழவில்லை. அவளுடைய குடை, அவளைக் கேட்காமலே, அவன் பக்கம் சாய்ந்திருந்தது!

'சாயம் கரைந்துவிடக் கூடாதே என்றுதான்...' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, குடையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

இவற்றையெல்லாம் வெற்றிலையை மென்றபடி, ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள் காளியம்மாள்.

*

மழை விட்டது. உண்மை வெளிப்பட்டது. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் தரை, வெள்ளமட்டக்குறியைவிட முழங்காலளவு தாழ்ந்து கிடந்தது. தெரு முழுவதும் அப்படித்தான்.

அப்படித்தான் இருக்கும். மேட்டில் நெல்லை அடுக்குவது, பள்ளத்தில் மனிதரைப் படுக்கவைப்பது என்பது எந்தக் காலத்து ஏற்பாடோ! ஊரின் உயரமான திடல், மிராசுதார் பஞ்சாபகேசனின் களமும் வைக்கோற்போரும் இருந்த இடம். வயலில் உழைத்தவர்களுக்கு வாய்க்காலோரத்துப் பள்ளம். ஒவ்வோர் ஐப்பசியிலும் தண்ணீர் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் விருந்து வரும்.

"திடல்ல புதுசா காலனி வருது" என்றான் இராஜாங்கம், மறுநாள். "மிராசுதாரு மெட்ராசுக்கு மகன் வீட்டோட போறாராம். இடத்தைச் சர்க்காருக்குக் குடுத்துட்டாரு. அங்க வந்துட்டீங்கன்னா ஒரு கவலையும் இல்ல."

காளியம்மாள் வெற்றிலையைத் துப்பினாள்.

"தம்பி, இந்தப் பள்ளத்த விட்டு எங்கள வெளியேத்தணும்னு அந்த மனுசன் ஆளும் அம்புமா வந்து நின்னாரு பாரு... அன்னிக்கு இந்த எடத்துல உக்காந்தவதான் நான். போலீசு தூக்கிட்டுப் போயி திருச்சி ஜெயில்ல போட்டுச்சு. எம்புருசன் இந்த மண்ணுலதான் கண்ண மூடுனாரு. அப்புறம் சட்டம் வந்துச்சு, பட்டா வந்துச்சு. போன்னா போவல, இப்ப வான்னா மட்டும் வந்துடுவனா?"

"தண்ணி வருமேம்மா..."

"வந்துச்சு. வடிஞ்சுது. தண்ணியாவது வடியும் தம்பி."

கொத்தனார் மீரா சாகிப், நாகூர்க்காரர், கரணையை நீட்டிச் சொன்னார்: "ஓவர்சீரே, காளியம்மாகிட்ட நீங்க பேசி ஜெயிச்சுட்டீங்கன்னா, தர்காவுல நானே உங்க பேருக்கு நேர்ச்ச வைக்கிறேன்."

தாயின் வைராக்கியம் அம்சவல்லிக்குப் பெருமை. ஆனால் புயலன்று தாயை மதகின்மேல் ஏற்றிவிட்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வீடு போவதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கூரை பறந்ததைவிடத் தரை காணாமற்போனதுதான் அவளை நடுக்கிற்று. நிற்க ஒரு தரை, மேலே பறக்காத கூரை... அவள் கேட்டது அவ்வளவுதான். அடுத்த ஐப்பசிக்குள் அது கிடைக்க வேண்டும். தாயும் இந்த மண்ணிலேயே இருக்க வேண்டும். தரையும் உயர வேண்டும். எப்படி?

*

பங்குனியில் ஒரு நாள், எட்டாம் வகுப்பின் சன்னலுக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. தெருப்பலகைகளுக்கு எழுத்துப் பிழை பார்க்க வேண்டுமென்று வந்திருந்தானாம். இந்த மாதத்தில் இது எத்தனையாவது பலகையோ!

உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். "மணி கூட்டல் அழகு... மணியழகு!"

மணியடித்து வகுப்பு விட்டதும் அவன் கேட்டான்: "டீச்சர், அந்த 'ய' எங்கேருந்து வந்துச்சு? மணியிலயும் இல்ல, அழகுலயும் இல்லையே?"

"உங்களுக்கு எதுக்கு சார் அது? உங்களுக்கு இருக்கிற எழுத்தையே முழுங்குற வேல."

"சும்மா சொல்லுங்க..."

"ரெண்டு உயிரெழுத்து பக்கத்துல பக்கத்துல வந்தா தாமா சேராது. நடுவுல ஒரு மெய் வந்து ரெண்டையும் சம்மதிக்க வைக்கணும். அதுக்கு உடம்படுமெய்னு பேரு. உடம்படுறதுன்னா சம்மதிக்கிறது."

"அப்போ..." என்று இழுத்தான். "நடுவுல மெய் இல்லாம ரெண்டு உயிர் சேரவே முடியாதுங்களா?"

இலக்கணத்தைத்தான் கேட்டான். அம்சவல்லிக்கு மட்டும் ஏன் கன்னம் சுட்டது? கரும்பலகையை அழிக்கத் திரும்பிக்கொண்டாள். ஏற்கெனவே அழித்த பலகையை இன்னொரு முறை அழித்தாள்.

போகும்போது அவன் தன் கதையைச் சொன்னான். அவன் தகப்பனார் ஒரு தென்னந்தோப்புக் காவலாளி. 'கொஞ்சம் தாழ்வா இருந்தா என்ன' என்று தோப்பின் பள்ளத்தில் குடிசை போட்டவர். ஐம்பத்திரண்டாம் வருடத்துப் புயலில் அந்தக் குடிசையிலிருந்து மிஞ்சியவர்கள், தாயும் அவள் இடுப்பிலிருந்த இவனுந்தான்.

"அதனாலதான் டீச்சர், எழுத்த முழுங்கினாலும் மட்டத்த முழுங்க மாட்டேன்" என்று சிரித்தான். சிரித்த கண்கள் நனைந்திருந்தன. அன்று மழை ஒன்றும் பெய்யவில்லை.

*

சித்திரையில் தஞ்சாவூரிலிருந்து மேலதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முதல் நாள், குறிகளைச் சரிபார்க்க வந்த இராஜாங்கம், காளியம்மாள் வீட்டுச் சுவரின் முன்னால் திகைத்து நின்றான்.

குறி கீழே இறங்கியிருந்தது! பழைய இடத்தைச் சுரண்டி, சேறு பூசி மறைத்திருந்தார்கள். ஒரு முழத்துக்குக் கீழே புதிய அம்பு. அதன் பக்கத்தில் 'வெள்ளமட்டக்குறி'. அவன் எழுதிய குறியில் 'க்' என்பது, பந்தி தொடங்கிய பிறகு வந்து இடுக்கில் ஒட்டிக்கொண்ட விருந்தாளி. இந்தக் 'க்'கோ, தனக்குரிய இடத்தில், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

தெருவில் மற்ற சுவர்களில் எல்லாம் 'வெள்ளமட்ட குறி'தான். இந்தக் 'க்'கின் அருமை தெரிந்தவர் நாணற்குடியில் ஒருவர்தான் இருந்தார்...

மதகின்மேல் அவளை மறித்தான்.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணீங்க?"

"எப்படிப் பண்ணேன்?"

"குறிய எறக்கி எழுதியிருக்கீங்க. எழுத்துல பிழை இல்ல. அதான் காட்டிக்குடுத்துடுச்சு. அந்தக் 'க்'க உங்களத் தவிர இந்த ஊர்ல யாரு போடுவா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், முகத்திலிருந்த இரத்தமெல்லாம் வடிந்தது.

"ஒற்று போடத் தெரிஞ்சவ பொய்க்குறி போடுவான்னு எந்த இலக்கணத்துல படிச்சீங்க சார்?"

"மேல யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பழைய எடத்துலயே திரும்ப எழுதிட்டேன். ஆனா நீங்களான்னு நெனைக்கறப்ப..."

"நெனைக்காதீங்க. இனிமே என்னைப் பத்தி எதுவுமே நெனைக்காதீங்க!"

வீட்டுக்கு எப்படி வந்தாளென்று அவளுக்கே தெரியவில்லை. சுவரோரம் போட்டிருந்த கீற்றுக்கொட்டகையில் உட்கார்ந்து அழுதாள். 'பொய் சொல்லாத கண்கள் என்று நான் நினைத்தேனே... அந்தக் கண்களுக்கு என்னைப் பார்த்தால் பொய்க்காரியாகவா தெரிகிறது?'

காளியம்மாள் சோற்றுத் தட்டை நீட்டினாள். நீட்டிய கையின் நகக்கண்களில் சிவப்பு.

"அம்மா... கையில என்ன செவப்பு?"

"வெத்தல."

"வெத்தலச் செவப்பு வாயிலதானே இருக்கும்?"

காளியம்மாள் கையைச் சேலைக்குள் மறைத்தாள். அப்புறம், மறைத்துப் பயனில்லை என்று வெளியே எடுத்தாள்.

"சாயபு கொட்டாயில சாய டப்பா இருந்துச்சு. எழுதுனேன். இந்த எடத்துக்குக் கூரை கெடையாதுன்னு எழுதிட்டுப் போயிட்டா, நான் ஜெயிலுக்குப் போனதுக்கு என்னடி அர்த்தம்?"

"உனக்கு எப்படிம்மா அந்தக் 'க்'கு..."

"ஏன்? நீ அவருக்குப் பாடம் நடத்துனப்ப நானுந்தான நின்னேன்? ஜெயில்ல கத்துக்கிட்ட எழுத்து மறந்தா பூடும்? 'க்'கு போடலன்னா எம்மவ வைவாளேன்னு, பாத்துப் பாத்துப் போட்டேன்டி!"

அம்சவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின. தாயின் சிவந்த விரல்களைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அழகா எழுதியிருக்கம்மா. ஒரு பிழை இல்ல. ஆனா... தண்ணிக்குப் படிக்கத் தெரியாதே. குறிய எறக்கிட்டா, 'சரி, காளியம்மா எறக்கிட்டா'ன்னு அது அங்கயே நிக்குமா?"

காளியம்மாள் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடையில் வறண்டு கிடந்த அந்த வாய்க்கால், அவளுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது போலும்.

*

மறுநாள் காலை, மேலதிகாரியின் ஜீப்பு வருமுன்பே, தெருவின் நடுவில் வந்து நின்றாள் காளியம்மாள்.

"தம்பி! குறிய எறக்குனது எம்மவ இல்ல. நான்."

இராஜாங்கத்தின் கையிலிருந்த அளவுகோல் நழுவிற்று. "நீங்களா? அப்போ அந்தக் 'க்'கு..."

"ஏன், 'க்'குக்கு டீச்சரு மட்டுந்தான் பட்டா வாங்கியிருக்காளா?"

தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தலை தொங்கிப்போயிற்று. கீற்று மறைவில் நின்ற அம்சவல்லியைத் தேடின அவன் கண்கள். அவள் திரும்பிக்கொண்டாள்.

"மேட்டுக்கு நான் போவ மாட்டேன். அதுல மாத்தமில்ல" என்றாள் காளியம்மாள். "மத்தவங்க போவட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா மேடு இங்க வரலாம்ல? அந்தாண்ட பொறம்போக்குல குடிதண்ணிக் கொளம் வெட்டப்போறதா சொன்னியே... வெட்டுற மண்ண எங்க கொண்டுபோயிக் கொட்டுவ?"

"கரையில..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். குளம் வரப்போகும் இடத்தைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவிற்று. "அது சவுட்டு மண்ணு... படைபடையாப் போட்டு, தண்ணி விட்டு, அடிச்சு இறுக்கினா... தெரு முழுக்க ஒசத்திடலாம்! இறைச்சுக் கொட்ட ஆளு வேணுமே?"

"கூலிப் போராட்டத்துக்கு ஆளு சேத்தவகிட்ட மண்ணு செமக்க ஆளு இருக்கான்னா கேக்குற?"

"சரி... ஆனா ஒண்ணும்மா..." அவன் தயங்கினான். "தரை ஒசரணும்னா, இப்ப கட்டியிருக்கிற சுவர இடிச்சுத்தான் ஆகணும்."

மீரா சாகிப் தாம் கட்டிய சுவரைத் தடவிப் பார்த்தார். காளியம்மாள் சுவரின்மேல் கை வைத்தாள். அப்புறம் அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு நெளிந்தது.

"மொத நாளே எழுதுனியே தம்பி, 'இதுவரை தரைமட்டம்'னு... நீ தப்பா எழுதல. கொஞ்சம் முன்னாலயே எழுதிட்ட!"

முதல் செங்கல்லை அவளே பெயர்த்தாள்.

*

சித்திரை வெயிலில் வாய்க்காங்கரைத் தெரு எழுந்து நின்றது. நடவுக்கு வரிசை கட்டி நிற்கிற பெண்கள், இப்போது மண்கூடைக்கு வரிசை கட்டி நின்றார்கள். குளம் ஆழ ஆழத் தெரு உயர்ந்தது. பெயர்த்த செங்கல்லையெல்லாம் துடைத்து அடுக்கிவைத்தார் மீரா சாகிப். மேலதிகாரி வந்து பார்த்துவிட்டு, தெரு முழுவதற்கும் கூரைக்கு ஒப்புதல் கொடுத்துப் போனார்.

எல்லாம் நடந்தது. ஒன்றுமட்டும் நடக்கவில்லை. அம்சவல்லி இராஜாங்கத்தோடு பேசவில்லை.

"டீச்சர், நான் செஞ்சது தப்புதாங்க..." என்று அவன் எதிரில் வந்து நின்றபோது, "உங்க அளவுகோலால மனுசங்கள அளக்காதீங்க சார்" என்று சொல்லிவிட்டு, கூடையோடு போய்விட்டாள்.

அதற்கப்புறந்தான் அந்த அக்கிரமம் தொடங்கியது.

ஒரு நாள் காலையில் புதுக்குளத்துக் கரையில் ஒரு பலகை நின்றது: 'குளத்து கரை'. அம்சவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போனாள். மறுநாள் இன்னொன்று: 'இங்கே மண் கொட்ட கூடாது'. காதை மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள். அடுத்த நாள் அவள் வீட்டுப் புதுத் தரையின்மேலேயே, சாய்த்துவைத்த நிலைச்சட்டத்தில்: 'காளியம்மாள் வீட்டு கதவு'.

'பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் படிக்கிற எழுத்தல்லவா இது! அரசாங்கமே பலகை நட்டுப் பிழையைப் பரப்பினால், வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தி என்ன பயன்?'

பொறுக்க முடியவில்லை. அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். 'வீட்டு'க்கும் 'கதவு'க்கும் நடுவே ஒரு 'க்' போட்டாள். போகிற வழியில் மற்ற இரண்டு பலகைகளுக்கும் ஆளுக்கொரு 'க்' கொடுத்தாள். மனம் ஆறியது.

மறுநாள் வேறொரு பலகை. மறுநாள் வேறொரு 'க்'. சில நாள் 'ப்'. ஒரு நாள் 'ச்'. வைகாசியும் ஆனியும் இப்படியே ஓடின. அவன் சிவப்பில் ஓர் எழுத்தை விடுவான். அவள் கரியில் அதை நிரப்புவாள். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பலகை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள் ஏன் இவ்வளவு நீளம் என்று அவளுக்குப் புரியவேயில்லை...

"அந்தப் புள்ளைக்கு எழுத்து வரலையா, இல்ல வேணும்னே விடுதா?" என்று ஒரு நாள் காளியம்மாள் கேட்டாள்.

"வரல. மண்டையில களிமண்ணு" என்றாள் மகள்.

"களிமண்ணா இருந்தா தெருவ ஒசத்தியிருக்க முடியாதேடி" என்று சொல்லி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள் தாய்.

ஆவணியில் கூரைக்குக் கான்கிரீட் போட்ட அன்று மாலை, மதகுச் சுவரில், அந்தப் பழைய வெள்ளக்கறைக்கு நேர்மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'மன்னிக்க கோருகிறேன்.'

அம்சவல்லி வெகுநேரம் நின்றாள். பிறகு கரித்துண்டை எடுத்து ஒரு 'க்' போட்டாள். வேறொன்றும் எழுதவில்லை. ஆனால் அந்தக் 'க்'கின் புள்ளியை, வழக்கத்தைவிட மெதுவாக, அழுத்தி வைத்தாள்.

*

ஐப்பசி வந்தது. மழையும் சொன்ன சொல் தவறாமல் வந்தது.

இரவும் பகலுமாய்க் கொட்டித் தீர்த்தது. கோரையாறு கரையை முட்டிற்று. வயலெது, வாய்க்காலெது, வழியெது என்று தெரியாமல் எல்லாம் ஒரே வெள்ளக்காடு. அதன் நடுவில் வாய்க்காங்கரைத் தெரு, நீட்டிப் படுத்த ஒரு தீவாகத் தலைநிமிர்ந்து கிடந்தது. திடலில் குடியேறியவர்கள்கூட வந்து வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளம் ஏறி ஏறி வந்து, வாசற்படியின் கீழ்க்கல்லைத் தொட்டது. அங்கேயே சற்று நின்றது. உள்ளே வர வழி தெரியாமல், காலைக்குள் ஒரு சாண் இறங்கியும் போயிற்று.

காளியம்மாள் வாசலில் வந்து நின்று தண்ணீரைப் பார்த்தாள். "என்ன பாக்குற? இந்த வருசம் நீ வெளியிலதான்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, உள்ளே போய் உலை வைத்தாள்.

அம்சவல்லி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். காலுக்குக் கீழே தரை உலர்ந்திருந்தது. அந்த உலர்ந்த தரையின்மேல் நிற்கிற சுகம் உடலெங்கும் ஏறிற்று... மழைத்திரைக்கு அப்பால், மதகின் பக்கமாய், இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் உருவம் வந்தது. கையில் குடை, மடக்கிய குடை!

"குடையை விரிக்கலாமே சார்?" என்று கேட்டுவிட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"இன்னிக்குக் கருவி கொண்டாரல டீச்சர். எனக்கு எதுக்குக் குடை?" படியருகே நின்று, படிக்கல்லில் மறுபடி எழுதியிருந்த வெள்ளமட்டக்குறியைப் பார்த்தான். "தண்ணி குறிக்குக் கீழதான் நிக்குது. அத எழுதிட்டுப் போகத்தான் வந்தேன்."

"எழுதிட்டீங்கன்னா போகலாமே?"

"போறேன். அதுக்கு முன்னால ஒரு இலக்கணச் சந்தேகம்."

இமைகளில் மழைத்துளி. அதே கண்கள்.

"கேளுங்க."

"அம்சவல்லி... இராஜாங்கம்... இந்த ரெண்டு பேரையும் சேத்து எழுதணும்னா, எப்படிங்க எழுதறது?"

மழையின் ஓசை நின்றுபோனதுபோல் இருந்தது. அவள் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் ஒரு 'இ', அந்தப் பக்கம் ஒரு 'இ'. ரெண்டும் உயிர். தாமா சேராது. நடுவுல..."

"நடுவுல மெய் வரணும். படிச்சேன்."

"அப்போ மொதல்ல மெய்யச் சொல்லுங்க."

அவன் விளையாட்டை விட்டான். "உங்கள ஒரு நாள் பொய்க்காரின்னு நெனைச்சேன். அந்த ஒரு நாளைக்காக இன்னும் கூசிப்போறேன். இது மெய். அப்புறம்... மாசி மழையில வெள்ளமட்டத்துக்கு நான் 'க்' போடலையே, அது தெரியாமத்தான். அதுக்கப்புறம் விட்ட எல்லா ஒற்றும் தெரிஞ்சேதான் விட்டேன். நீங்க வந்து போடுவீங்கன்னுதான் விட்டேன். இதுவும் மெய்."

"எல்லாமேவா?" அவள் விழிகள் விரிந்தன. "அத்தனை பலகையுமா? புள்ளைங்க படிக்கிற எடத்துல, தெரிஞ்சே பிழை! உங்கள..."

"பெஞ்சுமேல நிக்க வைக்கணும். நிக்கிறேன். ஆனா பதிலச் சொல்லிடுங்க. அந்த நடுவுல வர்ற மெய்... உடம்படுமா?"

அவள் அடுப்பங்கரைக்கு ஓடினாள். அவன் முகம் வாடிய நொடியில் திரும்பி வந்தாள். கையில் கரித்துண்டு. புதுச்சுவரின் வெள்ளைச் சுண்ணாம்பின்மேல், முத்துமுத்தாக எழுதினாள்:

அம்சவல்லியிராஜாங்கம்

அவன் எழுத்தெழுத்தாகப் படித்தான். இரண்டாம் முறையும் படித்தான். "டீச்சர்... 'ய்' வரணும்னீங்களே? புள்ளி வச்ச 'ய்'யக் காணுமே? முழுங்கிட்டீங்களா?"

"மண்டு! மெய்மேல உயிர் வந்து ஏறிட்டா, அப்புறம் புள்ளி ஏது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து காளியம்மாளின் குரல் வந்தது:

"புதுச்சொவத்துல கரியால எழுதாதீங்கடி! ஏந்தம்பி, தண்ணியிலயே நின்னு என்ன இலக்கணம்? மேல ஏறி வா. ஒனக்குஞ்சேத்துத்தான் ஒலையில அரிசி போட்டிருக்கேன்."

அவன் வாசற்படியில் காலை வைத்தான். அவள் கை நீட்டினாள். வெள்ளத்திலிருந்து ஓர் அடி, இரண்டடி... உலர்ந்த தரையின்மேல் ஏறி நின்றான்.